மூன்று மணி ரீடிங்

பிப்ரவரி 13, வியாழன்

ராக்வூல் வந்து இறங்கியது. இருபத்திரண்டு கட்டு. லாரி எங்கள் சந்துக்குள் திரும்பவில்லை. முனையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்பாவும் தச்சு வேலைக்கு வந்திருக்கும் பூபாலனும் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தார்கள். அறுபத்து மூன்று வயதில் இது தேவையா என்றேன். "பஞ்சும்மா. பாரமே இல்ல" என்றார் அப்பா.

பஞ்சு இல்லை. கல்லை உருக்கி இழையாக்கியது. பட்ட இடம் அரிக்கும். முப்பத்து நான்கு வருடம் கல்பாக்கத்தில் நீராவிக் குழாய்களுக்கு இதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு லேகிங் என்று பெயர். ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் இன்றுதான் முழங்கையைச் சொறிந்துகொண்டே சிரித்தபடி சாப்பிட்டார்.

இந்த வீட்டை 1893இல் ஒரு வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினியர் கட்டினான். வருஷம் முகப்பில் சுண்ணாம்பில் இருக்கிறது. செங்குத்தான ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே தேக்குப் பலகைத் தளம், இரண்டுக்கும் நடுவில் குனிந்து நடக்கிற மாதிரி ஒரு மச்சு. ஹாலில் குளிர் காய்வதற்குக் கணப்புகூட வைத்திருக்கிறான். செங்கல்பட்டில் கணப்பு! நாங்கள் அதில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கிறோம்.

மார்ச் வந்தால் மச்சில் ஏறி உட்காரும் சூடு, பலகை இடுக்கு வழியாக எங்கள் தலையில் இறங்கும். அதை நிறுத்தத்தான் இத்தனையும். முதலில் லேகிங், பிறகு வயரிங், பிறகு என் அறைக்கு ஏசி. இந்த வரிசையை மாற்றச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது.

பாரிமுனையில் இரண்டு கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கி வந்திருக்கிறார். ஒன்று ஹாலில், ஒன்று என் அலமாரியில். தினமும் மூன்று மணிக்கு நான் ரீடிங் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அவர் என் அறைக்குள் வருவதில்லை; மூடிய கதவுக்கு வெளியே நின்று பேசுவார். உள்ளேயிருந்து நான் கத்த, நீள நோட்டில் "15.00" என்று போட்டு எழுதிக்கொள்கிறார்.

31.5. படித்தது 44 பக்கம்.

பிப்ரவரி 15, சனி

எப்படித் தொடங்கியது என்பதை எழுதிவைக்கிறேன். பின்னால் எனக்கே குழம்பும்.

ஜனவரியில், சென்னையில், நரம்பு டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "நரம்புங்கிறது வயர் மாதிரி. மேல இருக்கிற இன்சுலேஷனை உங்க உடம்பே அரிச்சுடுது. சில இடத்துல வெறும் கம்பிதான் இருக்கு." நோயின் பெயர் நீளமானது. அதை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

அதுவரை அரை மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "லேகிங் போயிடுச்சுன்னு சொல்றீங்க."

டாக்டர் லேசாகச் சிரித்தார். "அப்படியும் சொல்லலாம் சார். வெயில்ல, சூட்டுல பார்வை மங்கும். குளிர்ச்சியா வச்சுக்குங்க."

திரும்பும் ரயிலில், சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும், அப்பா சொன்னார்: "மச்சுதான் காரணம்."

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் மாத்திரை வாங்கக் கீழே போனபோது டாக்டரிடம் கேட்டேன், குளிர்ச்சியாக இருந்தால் கண் நிற்குமா என்று. "சூடு எதையும் கெடுக்கறதில்லம்மா. கெட்டுப்போனதைக் காட்டும். குளிர்ச்சி அதை மறைக்கும். அவ்வளவுதான்."

அன்று மாலையே அப்பா டேப்பை எடுத்து மச்சை அளக்கத் தொடங்கிவிட்டார். வாயில் பென்சில். எப்படிச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு ஒரு மாதம் ஆகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தெர்மாமீட்டரின் சிவப்புக் கோட்டை இடது கண்ணால் பார்த்தால் சிவப்பு. வலது கண்ணால் பார்த்தால் ஆறிப்போன காப்பி.

பிப்ரவரி 24, திங்கள்

மச்சில் சண்டை. கீழே என் அறைக்குப் பலகை வழியாக ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"சார், ரெண்டு பக்கமும் முக்கோணச் சொவத்துல பலக ஜன்னலு கீது பாருங்க. அத்த மட்டும் அடைக்காதீங்க. வூடு மூச்சு வுட்ற எடம் சார் அது."

"மூச்சு விடறதுக்கு வீடு என்னய்யா, மாடா?"

"மாடோ மனுசனோ. சூடு மேல ஏறுனா எங்கனா போவணும் இல்ல?"

"போகக் கூடாது. அதுக்குப் பேருதான் லேகிங். ஒரு விரக்கடை சந்து விட்டா, மொத்தத்தையும் பிரின்னு சொல்லிடுவாங்க எங்க எடத்துல."

"அது பைப்பு சார். பைப்புக்குள்ள யாரு படுத்துங்கினு கீறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் குரல் ஏறியது. "படாளத்துல மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை போட்டவன் எனக்கு இன்சுலேஷன் சொல்லித் தர்றான்!"

"நான் போட்ட கொட்டாய்ல மாடு சொகமா தூங்குது சார்." பிறகு பலகை இடுக்கில் வாயை வைத்து என்னைக் கூப்பிட்டான். "பாப்பா! நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு."

இருபத்தெட்டு வயதுப் பாப்பா. பூபாலன் சொன்னதுதான் சரி. குழாய்க்குள் சூட்டை நிறுத்த வேண்டும். வீட்டிலிருந்து அதை அனுப்ப வேண்டும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எப்படி அடைத்தாலும் என் கண்ணுக்கு ஒன்றுதானே என்று ஒரு சோம்பல். இல்லை, சோம்பல் என்பது நாகரிகமான சொல். விட்டுவிட்டேன்.

33. பக்கம் 38.

மார்ச் 14, வெள்ளி

வேலை முடிந்தது. பலகை இடுக்கெல்லாம் அடைத்து, மேலே ராக்வூல் பரப்பி, ஃபாயில் டேப் ஒட்டி, பலகை ஜன்னல் இரண்டையும் திணித்து மூடியாகிவிட்டது. "ஒரு எறும்பு மேல போகட்டும் பாக்கலாம்" என்றார் அப்பா.

வீட்டின் சத்தம் மாறிவிட்டது. ஜங்ஷனில் இருந்து ரயில் ஊதினால் இத்தனை நாளும் மச்சு வழியாக வந்து என் மேஜையில் விழும். இன்று எதுவும் இல்லை. காதில் பஞ்சு வைத்த மாதிரி.

மூன்று மணிக்கு 32. வெளியே 35. கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா கை தட்டினார். ஒரே ஒரு தட்டு. பிறகு வெட்கப்பட்டது போல அமைதி.

மார்ச் 20, வியாழன்

காலை ஆறு மணிக்கே 32. வீடு இரவெல்லாம் சூட்டை அடைகாத்திருக்கிறது. சுவர் விட்ட வெப்பம், நாங்கள் விட்ட மூச்சு, குக்கர் விட்ட ஆவி, எதுவும் வெளியே போகவில்லை.

மூன்று மணிக்கு 34.5. "ரீடிங்?" என்ற குரலில் அவ்வளவு ஆவல். வாயிலிருந்து வந்தது: "முப்பத்து மூணுப்பா."

பேனா எழுதும் சத்தம் கேட்டது.

ஒன்றரை டிகிரி. இவ்வளவு சின்னதாகத்தான் தொடங்குமோ?

மார்ச் 29, சனி

ஜெஸ்ஸி காரில் வந்து மாமல்லபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆபீசில் என் டீம் லீட். அதற்கு முன்பிருந்தே தோழி. அவளுக்கும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். பிறகு அவளை நான் தேற்ற வேண்டும்.

பதினொரு மணி வெயிலில் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றோம். "அந்தப் பூனையைப் பாருடி, எவ்ளோ ஆக்டிங்!" என்றாள். தவம் செய்கிற பூனை. இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு பூனையைப் பார்த்தேன். பூனை இல்லை. அந்த இடத்தில் சாம்பல் பூசியிருந்தது. சுற்றிலும் எலிகள் மட்டும் கைகூப்பிக்கொண்டிருந்தன. எலியைப் பார்த்தேன். எலி போய்ப் பூனை வந்தது.

எதைப் பார்க்கிறேனோ அது மறைகிறது. பார்க்காதது எல்லாம் இருக்கிறது. இதை ஒரு தத்துவமாக யாராவது எழுதியிருந்தால் பென்சிலால் அடிக்கோடு போட்டிருப்பேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ணு ஏன் கலங்குது?"

"கூச்சம். வெயில்."

ஏப்ரல் 6, ஞாயிறு

ஸ்ரீராமநவமி. மதுராந்தகத்திலிருந்து லோகநாயகி அத்தை, அப்பாவின் அக்கா, பாட்டிலில் பானகத்தோடு பஸ் பிடித்து வந்துவிட்டாள். வாசல்படி தாண்டியதும் நின்றாள்.

"இன்னாடா கோதண்டம் இது! உள்ள கால் வச்சா இட்லி குண்டான்ல கால் வச்ச மாதிரி கீது. பொண்ண வேகவச்சு யாருக்குடா பரிமாறப் போற?"

"வெளிய முப்பத்தெட்டுக்கா. உள்ள முப்பத்து மூணுதான். லாக் இருக்கு." நோட்டைக் காட்டினார். நான் சொல்லி அவர் எழுதிய எண்கள், அழகாக, ஒன்றன் கீழ் ஒன்றாக.

"நோட்டு வேர்க்காதுடா. எனக்கு வேர்க்குது." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஏரி காத்த ராமரு பேர வச்சிக்கினு ஒரு மச்ச காக்கத் தெரியல உனக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். மடியில் புத்தகம். "எந்நேரமும் இதேதான். கண்ணு அவிஞ்சி பூடும்டி ஒரு நாளு. அப்புறம் எவன் வருவான் உன்ன பாக்க?"

அப்பா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். குழாயைத் திறந்து மூடும் சத்தம். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அவரிடம் நான்தான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பானகம் குடித்தேன். சுக்கு அதிகம்.

36. சொன்னது 33.5. பக்கம் 19.

ஏப்ரல் 17, வியாழன்

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. நேற்று அனுப்பியதில் ஒரு "கூடாது" விட்டுப்போயிருக்கிறது. செய்யக் கூடாததைச் செய் என்று சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் கண்டுபிடித்தார்.

ஜெஸ்ஸி போனில், "உன்னோட டாக்குமெண்ட்ல நான் எழுத்துப்பிழைகூடப் பாத்ததில்ல பிரதீபா. என்னடி ஆச்சு? யாராவது பையனா?" என்றாள். பையன் என்றே அவள் நினைக்கட்டும் என்று கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

காலை ஒன்பது வரை எழுத்து நிற்கிறது. பத்துக்கு மேல் வரிகள் ஈரமாகின்றன. பன்னிரண்டுக்கு மேல் நான் பார்க்கும் சொல் கரைகிறது; வலதைப் பொத்திக்கொண்டு இடதால் மட்டும் படித்தால் தலை வலிக்கிறது. பக்கத்துச் சொற்களை வைத்து நடுவில் இருந்ததை ஊகிக்கிறேன். அந்தக் "கூடாது" அப்படித்தான் போயிருக்கும்.

36.5. சொன்னது 33.5. பக்கம் 11.

ஏப்ரல் 25, வெள்ளி

37.5. சொன்னது 34. பக்கம் 6.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். பூபாலன் வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவன் தண்ணீர் குடிக்க நுழைந்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். அப்பா உள்ளே இருந்தார். என்னிடம் மெதுவாக, "பாப்பா, சார் சொல்றாப்ல உன் ரூமு நெசமா முப்பத்து நாலா?" என்றான்.

"மீட்டர் அப்படித்தான் காட்டுது."

"மீட்டருக்கு இன்னா, அது அலமாரில குந்திக்கினு கீது." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

ஏன் பொய் சொல்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரக்கமா? அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ரீடிங் தப்பு என்று சொன்னால் அவர் சரி செய்வார். எல்லாம் சரியான பிறகும் என் கண் வராது. அப்போது அதையும் சொல்ல வேண்டும். மச்சு தப்பாகவே இருக்கும் வரை, குறை மச்சில்தான் என்று இருவரும் இருக்கலாம். அவருக்காக என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை.

மே 12, திங்கள்

வலது கண்ணில் வலி. விழியைத் திருப்பினால் உள்ளே யாரோ நூலைப் பிடித்து இழுக்கிறார்கள். எழுத்து கோணுகிற

மே 20, செவ்வாய்

ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு டிரிப். வாயில் இரும்புச் சுவை இன்னும் போகவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இடது நல்லா இருக்கு. வலது பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். "பொறுத்து" என்று சொல்லும்போது கோப்பைப் பார்த்தார்.

வார்டில் ஏசி. அப்பா ஹாலிலிருந்த தெர்மாமீட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். நர்ஸ் சிரித்தாள். "பாரும்மா, இங்க இருபத்தஞ்சு. இங்க தெளிவாத் தெரியுது இல்ல?"

சொல்லியிருக்கலாம். அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது அவர் முகத்தின் நடுப்பகுதி இல்லை. காதுகளும் மூன்று நாள் தாடியும் இருந்தன.

"தெரியுதுப்பா."

"அப்போ ஏசி போட்டுட்டாப் போதும்" என்றார். அந்தத் தாடி அசைந்தது.

மே 30, வெள்ளி

கத்திரி முடிந்து இரண்டு நாள். இன்னும் நெருப்பு.

மூன்று மணிக்கு "முப்பத்து மூணரை" என்றேன். வழக்கம் போலப் பேனா சத்தம் வரவில்லை. "ஹால்ல மட்டும் வாசக் கதவு வழியா அனல் வருதுன்னு இத்தனை நாள் நெனச்சேன்; இன்னிக்குச் சாத்தி வச்சும் முப்பத்தேழு காட்டுது. ஒரே மச்சு, ஒரே சுவர். எப்படி மூணரை டிகிரி வித்தியாசம் வரும்?" தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "உன் மீட்டரைக் கொடு. எரர் இருக்கு. பாத்துடலாம்."

சமையலறை மேடையில் பெரிய எவர்சில்வர் டம்ளர், அதில் ஐஸைத் தூளாக்கிக் கொஞ்சம் தண்ணீர். இரண்டு தெர்மாமீட்டரையும் ஒன்றாக இறக்கினார். நான் கதவோரம் நின்றேன். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நிதானமாகக் கலக்கினார். ரீடிங் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும், அப்புறம்தான் ஆளை — இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஐந்து நிமிடம். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ரெண்டும் பூஜ்யம்" என்றார்.

மறுபடி கலக்கினார். மறுபடி பார்த்தார். அவர் எதற்காக இரண்டாவது தடவை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

"மீட்டர்ல தப்பு இல்ல."

 அவர் திரும்பவில்லை. "எத்தனை நாளா?"

"மார்ச் இருபதுலேருந்து."

தெர்மாமீட்டர்களைத் துணியால் துடைத்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார். "பாக்காம எழுதறவனோட நான் டீ கூடக் குடிச்சதில்ல. நீ பாத்துட்டு மாத்திச் சொல்லியிருக்க."

நோட்டில் எழுபத்திரண்டு நாள். இடையில் ஆஸ்பத்திரி நாள்கள் மட்டும்தான் நிஜம்.

மே 31, சனி

டீயை வாசலில் தனியாகக் குடித்தார். என்னுடையது மேடையில் தட்டு போட்டு மூடியிருந்தது. கோபத்திலும் தட்டு போட்டு மூடுகிற ஆள். அய்யோ அப்பா, திட்டிடேன் என்னை. ஒரு வார்த்தை திட்டிடு.

ஜூன் 3, செவ்வாய்

பூபாலனைக் கூப்பிட்டிருக்கிறார். கடப்பாரைச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"வூடு இன்னா மாடான்னு கேட்டீங்களே சார்."

"வாயை மூடிக்கிட்டுப் பிரிய்யா."

"நான் மூடிக்கினேன் சார். வூட்டத்தான் தொறக்கறோம்."

பலகை ஜன்னலில் திணித்ததை அப்பா தானே பிடுங்கினார். கையுறை இல்லாமல். என் அறைக்கு மேலே பலகை இடுக்குகளைத் திறந்தபோது தூசியும் வெளிச்சமும் ஒன்றாக என் கட்டிலில் விழுந்தன. மூன்றரைக்கு ஜங்ஷனில் ஒரு ரயில் ஊதியது. மூன்று மாதம் கழித்து அது என் மேஜைக்கு வந்தது.

மாலை, டீ இரண்டு டம்ளரில் வந்தது.  அவருடைய முழங்கை முழுக்கத் தடிப்பு. தேங்காயெண்ணெய் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

36. சொன்னது 36.

ஜூன் 12, வியாழன்

34.5. விடிகாலையில் 29. வீடு மூச்சு விடுகிறது. கதவை இப்போது சாத்துவதில்லை. அவர் நிலைப்படிக்கு வெளியே நின்று கேட்கிறார்.

எண்கள் எல்லாம் நிஜம். "கண்ணு?" என்று கேட்டால் மட்டும் "பரவால்லப்பா."

ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். இன்னொன்று அதற்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

வயரிங். சுவரெல்லாம் கீறிப்போட்டிருக்கிறார்கள். பழைய மரச்சட்டத்துக்குள் ஓடிய கம்பிகளை உருவினார்கள். துணி சுற்றிய கம்பி. துணி பல இடத்தில் உதிர்ந்து செம்பு தெரிந்தது. அப்பா ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டிக்கொண்டே வெகுநேரம் நின்றார். என்னைப் பார்த்ததும் குப்பையில் போட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலையை விட்டேன். ஜெஸ்ஸியிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அழவில்லை அவள். "மாமல்லபுரத்துல பூனையைப் பாத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றாள். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, "நீ வாயத் தொறந்தா பொய்யாடி?" என்று கத்தினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஏசி வந்துவிட்டது. வரிசைப்படி: லேகிங் (போட்டு, பிரித்து, சந்து விட்டுப் பாதி மறுபடி போட்டு), வயரிங், ஏசி. அது ஓடும்போது பலகை ஜன்னலை மூடவும் நிறுத்தினால் திறக்கவும் பூபாலன் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறான். அப்பா கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கொட்டாய்ல இதைத்தான் கட்டுவியா?" என்றார். "மாடு ஏசி கேக்காது சார்" என்றான்.

மூன்று மணிக்கு 26.

இருபத்தாறு! இந்த எண்ணுக்காகப் பிப்ரவரியிலிருந்து. கோடையில் பாதியில் விட்ட எழுநூறு பக்க நாவலை எடுத்தேன். இடது கண் முக்கால் பக்கம் போய்ச் சோர்ந்தது. அதிலும் இப்போது ஏதோ தொடங்கியிருக்கிறது. வலது கண்ணுக்குப் பக்கம் என்பது ஓரம் மட்டும் உள்ள ஒரு வெள்ளை.

டாக்டர் சொன்னது அப்படியே. குளிர்ச்சி, மறைப்பதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தான் மறைக்கும்.

"தெரியுதா?" என்றார் நிலைப்படியிலிருந்து.

பக்கத்தைத் திருப்பினேன். படித்தவள் போல.

அக்டோபர் 9, வியாழன்

26. திருப்பிய பக்கம் 14. படித்தது இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

மூன்று நாளாக மழை. தீபாவளிக்கு வெடித்த காகிதமெல்லாம் சந்தில் கூழாகிக் கிடக்கிறது. காலையிலிருந்து கரண்ட் இல்லை, தேவையும் இல்லை. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று மச்சில் நுழைந்து மறுபக்கம் போகிற சத்தம் கேட்கிறது. ஓட்டில் மழை. ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"ரீடிங்?"

"இருபத்தேழுப்பா."

பேனா சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். நிலைப்படியில் நின்று தெர்மாமீட்டரைப் பார்க்காமல் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"ஏசி இல்லாமலே இருபத்தேழு" என்றார்.

"ஆமா."

"மே மாசம் ஆஸ்பத்திரியில இருபத்தஞ்சு."

"ஆமா."

 அடுத்த கேள்வி அவர் வாயில் இருந்தது. அவர் கேட்க மாட்டார். கேட்டால் ஆளைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

"மீட்டர்ல தப்பு இல்லப்பா" என்றேன். "மச்சுலயும் இல்ல. ஆரம்பத்துலேருந்தே இல்ல. டாக்டர் எங்கிட்ட சொன்னாரு, ஜனவரியில, நீ மாத்திரை வாங்கப் போனப்போ. சூடு கெடுக்காதாம். கெட்டதைக் காட்டுமாம். அவ்ளோதானாம். நான் உங்கிட்ட சொல்லல. நீ டேப் எடுத்துக்கிட்டு மேல போயிட்ட, நான் சொல்லவே இல்ல —"

அவர் நிலைப்படியைத் தாண்டினார். கட்டிலின் ஓரத்தில், நுனியில், பஸ்ஸில் மூன்றாவது ஆளாக உட்காருவது போல உட்கார்ந்தார். நோட்டை மடியில் விரித்தார். பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"வலது?"

"நடுவுல இல்ல. ஓரம் மட்டும்."

"சிவப்பு?"

அது எப்படித் தெரியும் அவருக்கு? தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தெர்மாமீட்டர் முன் நின்றதைத் திறந்த கதவு வழியாகப் பார்த்திருக்கிறார்.

"இல்ல."

"இடது?"

"காலையில இருபது வரி. அப்புறம் ஈரமாயிடுது."

எழுதினார். வழக்கத்தைவிட வெகுநேரம் எழுதினார். ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. அவரிடம் அப்படிப்பட்ட சொல் கிடையாது. மழைத் தண்ணீர் ஓட்டுச் சாலிலிருந்து வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு நோட்டைத் தூக்கி, "சரியான்னு பாரு" என்று என் பக்கம் திருப்பினார்.

ஒரு முழுப் பக்கத்தில் நான்கே வரி. ஒவ்வொரு எழுத்தும் விரற்கடை உயரம்.

15.00
அறை 27
வலது: நடு இல்லை
இடது: 20 வரி

உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்தேன்.